ஒவ்வோர் இரவும் முழுக் காப்பு: நிறைகிறது வன்தட்டு, தொலைகிறது பழைய பிரதி

2009இற்குப் பின்னர் வடக்கிலும் கிழக்கிலும் எஞ்சிய ஆவணங்களில் கணிசமானவை இன்று கணினிகளுக்குள் வந்துவிட்டன. காணி உறுதிகள், பிறப்பு இறப்புச் சான்றிதழ்கள், முகாம் பதிவு அட்டைகள், செஞ்சிலுவைச் சங்கத்தின் கடிதங்கள், ஆணைக்குழுக்களிடம் கொடுத்த முறைப்பாட்டு நகல்கள், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் கடைசிப் புகைப்படம் எனப் பலதும் அவற்றுள் உண்டு. மூலப்பிரதி இடப்பெயர்வில் தொலைந்தோ மழையில் ஊறியோ போனபின், வருடி எடுத்த அந்தக் கோப்பு மட்டுமே சான்றாக மிஞ்சியிருக்கும் குடும்பங்கள் ஏராளம். இவ்வாறான கோப்புகள் கிராமிய சங்கங்கள், சட்ட உதவி அலுவலகங்கள், பங்குப் பணிமனைகள், பிராந்தியப் பத்திரிகைகள் ஆகியவற்றின் கணினிகளில் இருக்கின்றன.

இந்த அலுவலகங்களில் ஓரளவு வசதியுள்ளவை வலையமைப்புக் காப்பு மென்பொருள் ஒன்றை நிறுவியிருக்கும். பேக்அப் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். ஐந்தாறு கணினிகளில் உள்ளவற்றை இரவில் சேகரித்து ஒரு சேர்வரிலோ வெளி வன்தட்டிலோ சேர்த்து வைப்பது இதன் வேலை. மாதத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும், மற்ற நாட்களில் மாறியவற்றை மட்டும் பிரதியெடுக்கும்படி அதற்குச் சொல்லப்பட்டிருக்கும். ஆனால் சில நாட்களிலேயே ஒரு சிக்கல் தலைகாட்டும். மாறியவற்றை மட்டும் எடுக்கவேண்டிய மென்பொருள், ஒவ்வோர் இரவும் எல்லாவற்றையும் முதலிலிருந்து பிரதியெடுக்கத் தொடங்கிவிடும்.

'கூட எடுத்தால் என்ன, நல்லதுதானே' என்று பலர் இதைக் கவனிக்காமல் விடுகிறார்கள். இது நல்லதல்ல. அளவுக்கு மிஞ்சிய முழுக் காப்புகள் நாங்கள் திரும்பிப் போகக்கூடிய காலத்தைச் சுருக்கிவிடுகின்றன. எப்படி என்பதையும், அது ஏன் நடக்கிறது, எவ்வாறு திருத்தலாம் என்பதையும் இந்தக் கட்டுரை விளக்குகிறது.

கணக்குப் போட்டுப் பார்த்தால்

ஓர் அலுவலகத்தில் 400 ஜிகாபைட் அளவான கோப்புகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். காப்புப்பிரதிக்கு 4 ரெராபைட் வன்தட்டு ஒன்று உண்டு. நாளொன்றுக்குப் புதிதாகச் சேர்வதும் மாறுவதும் 2 ஜிகாபைட்.

மாதம் ஒருமுறை முழுக் காப்பும் நாளாந்தம் மாற்றக் காப்பும் எடுத்தால், ஒரு மாதத்துக்குத் தேவை 400 உடன் 60, அதாவது 460 ஜிகாபைட். அந்த வன்தட்டில் எட்டு மாதங்களுக்கு மேற்பட்ட பிரதிகளை வைத்திருக்கலாம். நாளாந்தம் முழுக் காப்பு எடுத்தாலோ பத்தே நாளில் தட்டு நிறைந்துவிடும். பதினோராம் நாள் பிரதி எடுக்க, முதலாம் நாள் பிரதியை அழிக்கவேண்டும்.

இப்போது ஒரு கோப்புறை தவறுதலாக அழிக்கப்படுகிறது. அல்லது வருடிய படங்கள் பழுதாகித் திறக்க முடியாமல் போகின்றன. இப்படியான இழப்பு அன்றே தெரிவதில்லை. யாரோ ஒரு தாய் மூன்று வாரம் கழித்து வந்து தனது மகனின் கோப்பைக் கேட்கும்போதுதான் தெரியவருகிறது. எட்டு மாதப் பிரதிகள் இருந்த அலுவலகம் பழைய நிலைக்குத் திரும்பிச் சென்று அதை எடுத்துக் கொடுக்கும். பத்து நாள் பிரதிகள் மட்டும் உள்ள அலுவலகத்தில், அந்தக் கோப்பு இல்லாத நிலையே பத்துத் தடவை பத்திரமாகச் சேமிக்கப்பட்டிருக்கும்.

நேரமும் இதே கதைதான். விநாடிக்கு 100 மெகாபிற் வேகமுள்ள உள்ளக வலையமைப்பில் 400 ஜிகாபைட் போய்ச்சேர, தடங்கல் எதுவும் இல்லாவிட்டால்கூட, ஏறத்தாழ ஒன்பது மணித்தியாலம் தேவை. 2 ஜிகாபைட் மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும். வேறோர் ஊரிலுள்ள கிளை அலுவலகத்திலிருந்து 10 மெகாபிற் வேகத்தில் இணையம்வழி அனுப்பினால், முழுக் காப்புக்குக் கிட்டத்தட்ட நான்கு நாட்கள் ஆகும். மாற்றக் காப்புக்கு அரை மணித்தியாலம் போதும். டேட்டாவுக்குக் காசு கட்டும் இடங்களில் இந்த வித்தியாசம் மாதாந்தக் கட்டணத்திலும் தெரியும்.

மென்பொருள் எப்படி முடிவெடுக்கிறது

காப்பில் மூன்று வகை உண்டு. எல்லாவற்றையும் எடுப்பது முழுக் காப்பு. மென்பொருளில் 'ஃபுல்' என்று இருக்கும். கடைசியாக எடுத்த எந்தக் காப்புக்கும் பிறகு மாறியவற்றை மட்டும் எடுப்பது மாற்றக் காப்பு. அதன் பெயர் 'இன்கிரிமென்டல்'. கடைசி முழுக் காப்புக்குப் பிறகு மாறிய அனைத்தையும் எடுப்பது 'டிஃபரன்ஷியல்'.

மாற்றக் காப்புக்குத் தனியே நிற்கும் பலம் இல்லை. மீட்டெடுக்கும்போது முழுக் காப்பும் அதன் மேல் வந்த மாற்றங்களும் ஒன்றின் மேல் ஒன்றாக வேண்டும். வீட்டின் அத்திவாரமும் சுவரும்போல. ஆகவே ஒழுங்காக எழுதப்பட்ட எந்த மென்பொருளும், அத்திவாரம் இருப்பதை உறுதிசெய்யாமல் மாற்றக் காப்பை எடுக்காது. அத்திவாரம் இல்லை என்று அது நினைத்தால், நாங்கள் கேட்டது மாற்றக் காப்பாக இருந்தாலும் முழுக் காப்பாக உயர்த்திவிடும். சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது. மென்பொருள் பழுதாகவில்லை. தன்னிடம் முழுக் காப்பு இல்லை என்று அது நம்புகிறது. ஏன் அப்படி நம்புகிறது என்பதைத்தான் நாங்கள் கண்டுபிடிக்கவேண்டும்.

இதற்கு 'பாகுலா' என்ற மென்பொருளை உதாரணமாக எடுப்போம். இலவசமாகக் கிடைக்கும் திறந்த மூல மென்பொருள் இது. 2000ஆம் ஆண்டு தொடங்கப்பட்டு இன்றும் பாவனையில் உள்ளது. 'பேரியோஸ்' என்பது இதிலிருந்து பிரிந்து வளர்ந்தது. பாகுலாவில் வேலைகளை ஏவுகின்ற 'டிரெக்டர்', ஒவ்வொரு கணினியிலும் இருந்து கோப்புகளை வாசிக்கின்ற முகவர், வன்தட்டில் எழுதுகின்ற சேமிப்புப் பகுதி என்பன உண்டு. எந்தக் கோப்பு எந்த நாளில் எங்கே எழுதப்பட்டது என்ற விபரமெல்லாம் 'கற்றலொக்' எனும் தரவுத்தளத்தில் பதியப்படும்.

மாற்றக் காப்புக்கு நேரம் வந்ததும் டிரெக்டர் கற்றலொக்கிடம் ஒரு கேள்வி கேட்கும். இதே வேலைப் பெயரில், இதே கணினியில், இதே கோப்புத் தொகுதிக்கு, வெற்றிகரமாக முடிந்த முழுக் காப்பு உண்டா? பதில் 'இல்லை' என்றால், முன்னைய முழுக் காப்பு காணப்படவில்லை, முழுக் காப்பு எடுக்கிறேன் என்ற பொருள்பட ஒரு வரியைப் பதிவில் எழுதிவிட்டு வேலையைத் தொடங்கும். 'நோ பிரையர் ஃபுல் பேக்அப்' என்று தொடங்கும் வரி அது. அதை வாசிக்காமல் எதையும் திருத்தப் போகக்கூடாது.

முதலில் எழுத்தைப் பாருங்கள்

பாகுலாவின் கட்டளைத் திரையில் 'லிஸ்ட் ஜொப்ஸ்' என்று கேட்டால், நடந்த வேலைகள் வரிசையாக வரும். அங்கே இரண்டு எழுத்துகளைப் பார்க்கவேண்டும். ஒன்று வகையைச் சொல்வது. 'எஃப்' முழுக் காப்பு, 'டி' டிஃபரன்ஷியல், 'ஐ' மாற்றக் காப்பு. மற்றது முடிவைச் சொல்வது. 'ரி' என்றால் ஒழுங்காக முடிந்தது. 'ஏ' என்றால் இடையில் நிறுத்தப்பட்டது. 'ஈ' அல்லது சிறிய 'எஃப்' என்றால் பிழையோடு முடிந்தது.

தினமும் பெரிய 'எஃப்' வந்திருந்தால், மென்பொருளே முழுக் காப்பு எடுத்திருக்கிறது. 'ஐ' என்று இருந்தும் அளவு மட்டும் முழுக் காப்புக்குக் கிட்ட இருந்தால் அது வேறு நோய். அதற்கு மருந்தும் வேறு. இந்த இரண்டையும் பிரித்தறியாமல் அமைப்புகளை மாற்றத் தொடங்கினால் குழப்பம்தான் கூடும்.

காரணம் 1: முதல் முழுக் காப்பு ஒருநாளும் முடியவில்லை

எங்கள் பகுதிகளில் முதலில் சந்தேகிக்கவேண்டியது இதைத்தான். ஒன்பது மணித்தியால வேலை நடந்துகொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றுவிடுகிறது. அல்லது காலையில் வந்தவர் கணினியை நிறுத்தி மீண்டும் போடுகிறார். தொண்ணூறு வீதம் முடிந்திருந்தாலும் அது வெற்றியாகக் கணக்கில் சேராது. அடுத்த இரவு மென்பொருள் முழுக் காப்பைத் தேடும், கிடைக்காது, பூச்சியத்திலிருந்து தொடங்கும். மீண்டும் மின்சாரம் போகும். இப்படியே மாதக்கணக்கில் ஓடிய வன்தட்டில், மீட்டெடுக்கக்கூடிய முழுப்பிரதி ஒன்றுகூட இல்லாமல் போகலாம்.

இதற்குத் தீர்வு பெரிய வேலையைத் துண்டாக்குவது. காணி ஆவணங்களுக்கு ஒரு வேலை, முறைப்பாடுகளுக்கு ஒன்று, படங்களுக்கு ஒன்று எனப் பிரித்து, வெவ்வேறு இரவுகளில் முதல் முழுக் காப்பை எடுத்தால் ஒவ்வொன்றும் சில மணித்தியாலத்தில் முடியும். கிளை அலுவலகக் கணினியை ஒருமுறை சேர்வர் இருக்கும் இடத்துக்கே கொண்டுவந்து முதல் முழுக் காப்பை எடுப்பதும் பயன் தரும். சாதாரண யூ.பி.எஸ். ஒன்று சில நிமிடங்களுக்கே தாங்கும். குறுகிய தடைகளைக் கடக்கவும் கணினியை ஒழுங்காக நிறுத்தவும்தான் அது உதவும். நீண்ட நேரம் பேச்சில்லாத இணைப்பை ரவுட்டர் துண்டித்துவிடும் இடங்களில், 'ஹார்ட்பீற் இன்ரேவல்' என்ற அமைப்பு இடையிடையே சிறு சமிக்ஞை அனுப்பி இணைப்பை உயிரோடு வைத்திருக்கும்.

காரணம் 2: ஒன்று முடியுமுன் மற்றது தொடங்குகிறது

திங்கள் இரவு முழுக் காப்பு தொடங்குகிறது. இணைப்பு மெதுவானது, செவ்வாய் இரவும் அது ஓடிக்கொண்டிருக்கிறது. செவ்வாய்க்குரிய மாற்றக் காப்பு தன் நேரத்துக்கு எழும்பி முழுக் காப்பைத் தேடுகிறது. ஓடிக்கொண்டிருப்பது இன்னும் முடியாததால் அது கணக்கில் வராது. ஆகவே இதுவும் முழுக் காப்பாக உயர்த்தப்படுகிறது. இரண்டும் ஒரே இணைப்பைப் பங்குபோடுவதால் இரண்டின் வேகமும் பாதியாகும். புதன்கிழமை மூன்றாவது சேர்ந்துகொள்ளும்.

பாகுலாவில் 'அலவ் டூப்ளிகேற் ஜொப்ஸ்' என்ற அமைப்பு, ஒரே வேலை இரட்டிப்பாக ஓடலாமா என்பதைத் தீர்மானிக்கிறது. எதுவும் எழுதாவிட்டால் 'ஆம்' என்பதே அதன் இயல்பு நிலை. அதை 'இல்லை' என்று மாற்றவேண்டும். கூடவே 'கான்சல் லோவர் லெவல் டூப்ளிகேற்ஸ்' என்பதை 'ஆம்' என்று வைத்தால், முழுக் காப்பு ஓடும்போது வரும் மாற்றக் காப்பு இரத்தாகும். ஓரிரு இரவுக்குரிய மாற்றக் காப்பு தவறினால் பாதிப்பில்லை. அந்த மாற்றங்களை அடுத்து வருவது எடுத்துக்கொள்ளும்.

காரணம் 3: கோப்புத் தொகுதியின் வரையறை மாறியிருக்கிறது

எந்தக் கோப்புறைகளை எடுக்கவேண்டும், எவற்றை விடவேண்டும் என்ற பட்டியலைப் பாகுலா 'பைல்செற்' என்கிறது. அந்தப் பட்டியலுக்கு ஒரு கைரேகைபோன்ற எண்ணைக் கணித்து மென்பொருள் நினைவில் வைத்திருக்கும். பட்டியலில் ஒரு வரியைக் கூட்டினாலோ குறைத்தாலோ கைரேகை மாறிவிடும். மென்பொருளைப் பொறுத்தவரை இது முன்பின் அறியாத புதிய தொகுதி. எனவே முழுக் காப்பு எடுக்கும். வேலையின் பெயரையோ கணினியின் பெயரையோ மாற்றினாலும் இதேதான் நடக்கும்.

கைரேகை மாற்றத்தைப் பொருட்படுத்தவேண்டாம் என்று சொல்ல, 'இக்னோர் பைல்செற் சேஞ்சஸ்' என்ற அமைப்பு உண்டு. ஆனால் எங்கள் தேவைக்கு இதில் ஆபத்து இருக்கிறது. யாரோ ஒருவர் 2009ஆம் ஆண்டுப் படங்கள் கொண்ட கோப்புறையை அலுவலகத்துக்குத் தருகிறார். அந்தப் படங்களின் திகதிகளும் பழையவையாகவே இருக்கலாம். கோப்புறையைப் பட்டியலில் சேர்த்தபின் மாற்றக் காப்பு ஓடும்போது, 'கடைசிக் காப்புக்குப் பிறகு மாறியவை' என்ற வலையில் அந்தப் பழைய திகதிக் கோப்புகள் சிக்காமல் போகலாம். அடுத்த முழுக் காப்பு வரும்வரை அவற்றுக்குப் பிரதியே இருக்காது. ஆகவே பட்டியல் மாற்றங்களை நினைத்த நேரத்தில் செய்யாமல் குறித்துவைத்து, மாதாந்த முழுக் காப்புக்கு முதல்நாள் ஒன்றாகச் செய்வதே நல்ல பழக்கம். இடையில் அவசரமாகப் புதிய கோப்புறை வந்தால், அதற்கென ஒரு தனி வேலையை உருவாக்கலாம்.

காரணம் 4: முழுக் காப்பு உரிய காலத்துக்கு முன் அழிக்கப்படுகிறது

பாகுலா தனது பிரதிகளை 'வொலியூம்' எனும் பெரிய கோப்புகளில் எழுதுகிறது. ஒவ்வொன்றுக்கும் எத்தனை நாள் வைத்திருக்கவேண்டும் என்ற கால எல்லை உண்டு. எதுவும் சொல்லாவிட்டால் அது 365 நாட்கள். எல்லை தாண்டிய வொலியூமை மென்பொருள் மீள் பாவனைக்கு எடுத்து மேலெழுதும். மாதம் ஒருமுறை முழுக் காப்பு என்று வைத்துவிட்டு, இடம் போதாமல் கால எல்லையை 20 நாளாகக் குறைத்தால் என்ன நடக்கும்? 20 நாள் கழிந்ததும் முழுக் காப்பு இருந்த வொலியூம் மேலெழுதப்படலாம். அன்றிரவே மென்பொருள் முழுக் காப்பைத் தேடும், இருக்காது, புதிதாக எடுக்கும்.

முழுக் காப்புகளுக்கும் மாற்றக் காப்புகளுக்கும் தனித்தனி 'பூல்' வைத்தால், நாளாந்தப் பிரதிகளுக்கு இடம் தேடி முழுப்பிரதியை அழிக்கும் நிலை வராது. முழுக் காப்பின் கால எல்லை, இரண்டு சுற்றுகளுக்கு மேல் இருக்கவேண்டும். மாதாந்தச் சுற்றென்றால் குறைந்தது 70 நாட்கள். 'பேர்ஜ் ஓல்டஸ்ற் வொலியூம்' என்ற அமைப்பு கால எல்லையைப் பாராமலே பழையதை அழிக்கும். அதைத் தொடாமல் விடுவதே நல்லது. இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். பூலின் கால எல்லையை மாற்றினால், ஏற்கெனவே உருவான வொலியூம்களுக்கு அது தானாகப் பொருந்தாது. கட்டளைத் திரையில் 'அப்டேற்' கொடுத்து அவற்றையும் புதுப்பிக்கவேண்டும். 'மாற்றியும் சரிவரவில்லை' என்று கைவிடுபவர்களில் பலர் இந்தப் படியைத் தவறவிட்டவர்கள்.

காரணம் 5: நேர அட்டவணையில் ஒரு சொல்

பாகுலாவோடு வரும் மாதிரி அட்டவணையில், மாதத்தின் முதலாவது ஞாயிறு முழுக் காப்பு, மற்ற ஞாயிறுகளில் டிஃபரன்ஷியல், திங்கள் முதல் சனி வரை மாற்றக் காப்பு என்று இருக்கும். அதில் 'முதலாவது' என்ற சொல் தவறுப்பட்டால் எல்லா ஞாயிறும் முழுக் காப்பு ஓடும். நாளின் பெயரும் தவறுப்பட்டால் நாளாந்தம் ஓடும். வேலையின் வரையறையில் மாற்றக் காப்பு என்று எழுதியிருந்தாலும், அட்டவணையில் உள்ளதே செல்லுபடியாகும். முழுக் காப்புகளுக்கிடையிலான ஆகக்கூடிய இடைவெளியைக் குறிக்கும் 'மக்ஸ் ஃபுல் இன்ரேவல்' என்ற வரியில் யாராவது சிறிய எண்ணைப் போட்டிருக்கிறார்களா என்பதையும் பார்க்கவேண்டும்.

'ஐ' என்று இருந்தும் அளவு பெரிதென்றால்

இது இரண்டாவது நோய். பாகுலா சாதாரணமாகக் கோப்பின் உள்ளடக்கத்தை ஒப்பிடுவதில்லை. அதன் நேரக் குறிப்புகளைப் பார்க்கிறது. ஒவ்வோர் இரவும் எல்லாக் கோப்புகளின் அனுமதிகளையும் மாற்றியெழுதும் நிரல் ஒன்று சேர்வரில் ஓடினால், உள்ளடக்கம் மாறாவிட்டாலும் எல்லாமே மாறியதாகக் கணக்காகும். ஒரு பெரிய கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் முழுக்கோப்பும் போகும். 60 ஜிகாபைட் தரவுத்தளமோ மின்னஞ்சல் பெட்டியோ இருந்தால், தினமும் 60 ஜிகாபைட் பிரதியாகும். பழைய மின்னஞ்சல்களை இனி மாறாத தனிக் கோப்பாகப் பிரித்துவைத்தால் அளவு குறையும்.

'ஆர்சிங்க்' போன்ற எளிய கருவிகளைப் பாவிப்பவர்களுக்கும் இதே தொல்லை உண்டு. பிரதியெடுக்கும்போது கோப்பின் நேரத்தையும் சேர்த்துக் காக்கச் சொல்லாவிட்டால், அடுத்த முறை எல்லாம் மாறியதாகத் தெரியும். ஃபற் வடிவமைப்புள்ள பென்டிரைவ்கள் நேரத்தை இரண்டு விநாடித் துல்லியத்தில்தான் குறிக்கும். அந்தச் சிறு வித்தியாசமே எல்லாவற்றையும் மீண்டும் பிரதியெடுக்க வைத்துவிடும். 'மொடிஃபை விண்டோ' என்ற தெரிவுக்கு 1 என்று கொடுத்தால் அந்த வித்தியாசத்தைக் கருவி பொருட்படுத்தாது.

ஒன்றையொன்று வளர்க்கும் சுழல்

இந்தக் காரணங்கள் தனித்தனியே வருவதைவிடச் சேர்ந்து வருவதே கூட. மின்தடையால் முழுக் காப்பு முடிவதில்லை. முடியாத பிரதிகள் வன்தட்டை நிறைக்கின்றன. தட்டு நிறைந்ததைக் கண்டவர் கால எல்லையைக் குறைக்கிறார். குறைத்ததால் நல்ல முழுக் காப்பும் அழிகிறது. அது இல்லாததால் மென்பொருள் மீண்டும் முழுக் காப்பைத் தொடங்குகிறது. தட்டு இன்னும் வேகமாக நிறைகிறது. இந்த இடத்தில் பெரிய வன்தட்டு வாங்குவது சில வாரங்களைத்தான் தரும். காரணத்தைத் திருத்தாமல் கால எல்லையைத் தொடக்கூடாது.

திருத்துவதற்கு முன்

சிக்கலைக் கண்டவுடன் பழையவற்றை அழித்து இடம் எடுக்கவேண்டும் என்றுதான் கை துடிக்கும். அதைச் செய்யாதீர்கள். முதலில் அட்டவணையை நிறுத்துங்கள்; இனிமேல் எதுவும் மேலெழுதப்படாது. அடுத்து, ஒழுங்காக முடிந்த முழுக் காப்பு ஒன்றைப் பட்டியலில் தேடுங்கள். அதிலிருந்து சில கோப்புகளை வேறோர் கோப்புறைக்குள் மீட்டெடுத்துத் திறந்து பாருங்கள். படம் தெரிகிறதா, உறுதியின் எழுத்து வாசிக்கிறதா என்று கண்ணால் பார்க்கவேண்டும். நல்லதென்று கண்டால், அதன் வொலியூமையும் கற்றலொக்கின் பிரதியையும் வேறொரு வன்தட்டில் எடுத்து, கணினியிலிருந்து கழற்றி வையுங்கள். அதன்பிறகே காரணத்தைத் தேடி அமைப்புகளில் கைவையுங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து, இரண்டு மூன்று இரவுகள் பட்டியலில் என்ன எழுத்து வருகிறது என்று பாருங்கள்.

இதற்கு எதிர்ப்பக்கத்துக்குப் போய், முழுக் காப்பை ஆண்டுக்கு ஒருமுறை ஆக்கிவிடவும் கூடாது. முந்நூறு மாற்றக் காப்புகளில் ஒன்று பழுதானால், அந்த நாளில் சேர்ந்தவை கைக்கு வராமல் போகலாம். மாதத்துக்கு ஒரு முழுக் காப்பு, இடையில் கிழமைக்கு ஒரு டிஃபரன்ஷியல் என்பது சிறு அலுவலகங்களுக்குப் பொருந்தும்.

கொழும்பிலும் நடந்தது

வசதி குறைந்த இடங்களுக்கு மட்டும் உரிய பிரச்சினை என்று இதை நினைக்கவேண்டியதில்லை. 2023 ஓகஸ்ட் இறுதியில் இலங்கை அரசாங்கத்தின் கிளவுட் சேவையைக் கப்பம் கோரும் நச்சு நிரல் ஒன்று தாக்கியது. அமைச்சரவை அலுவலகம் உட்பட, அரச இணைய முகவரியைப் பாவித்த ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் கணக்குகள் பாதிக்கப்பட்டன. அந்த ஆண்டு மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான தரவுகள் மீளவில்லை. அந்தக் காலத்துக்கு மீட்கக்கூடிய காப்புப்பிரதி இருக்கவில்லை. ஓர் அரசாங்கத்துக்கே இது நேர்ந்தது.

இவ்வகை நச்சு நிரல்கள் கணினியோடு எப்போதும் இணைந்திருக்கும் காப்பு வன்தட்டையும் சேர்த்துப் பூட்டிவிடும். ஆகவேதான் மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறோர் இடத்தில் என்ற பழைய விதி இன்றும் சொல்லப்படுகிறது. வேறோர் இடத்தில் வைக்கும் பிரதியில் சாட்சிகளின் பெயரும் முகவரியும் இருந்தால், அது பிறர் கைக்குப் போனாலும் திறக்க முடியாதபடி கடவுச்சொல்லால் பூட்டவேண்டும். அந்தக் கடவுச்சொல் நம்பிக்கையான இருவரிடமாவது இருக்கட்டும். ஒருவரிடம் மட்டும் இருந்து அவர் வெளிநாடு போய்விட்டால், பூட்டிய பிரதியும் இல்லாத பிரதியும் ஒன்றுதான்.

மென்பொருள் இல்லாத வீடுகளில்

வீட்டில் ஒரு மடிக்கணினியும் பென்டிரைவும் மட்டும் வைத்திருப்பவர்களும் இதே பிழையை வேறு வடிவில் செய்கிறார்கள். ஆவணக் கோப்புறையை ஒவ்வொரு முறையும் முழுதாகப் பென்டிரைவில் போட்டு, இடம் முடிந்ததும் பழையதை அழித்துப் புதியதைப் போடுவார்கள். புதியதில் ஏற்கெனவே ஒரு படம் பழுதாகியிருந்தால், நல்ல படம் அன்றோடு போய்விடும். இதற்கு எளிய வழி உண்டு. உறுதி, சான்றிதழ், கடிதம், பழைய படம் போன்ற இனி மாறாதவற்றை ஒரு கோப்புறையில் பிரித்து, இரண்டு சாதனங்களில் ஒருமுறை எழுதி, இரண்டு வீடுகளில் வைத்துவிடுங்கள். அதன்மேல் எழுதவேண்டாம். புதிதாக வருபவற்றை ஆண்டும் மாதமும் பெயரிட்ட வேறு கோப்புறையில் சேர்த்துக்கொண்டு போகலாம். முழுக் காப்பும் மாற்றக் காப்பும் இதுவேதான். பென்டிரைவ்கள் பல ஆண்டுகள் மின்னிணைப்பின்றிக் கிடந்தால் தரவை இழக்கக்கூடும்; ஆண்டுக்கு ஒருமுறையாவது இணைத்துத் திறந்து பார்ப்பது அவசியம்.

யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் 1981இல் ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் எரிந்தபோது, வேறெங்கும் பிரதி இல்லாதவை அன்றோடு போயின. 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளம் போன்ற முயற்சிகள், ஒரு பிரதியை மட்டும் நம்பியிருக்கும் அந்த நிலையைக் குறைத்தன. ஆனால் கணினிக்குள் ஏற்றிவிட்டதோடு ஓர் ஆவணம் பாதுகாப்பாகிவிடாது.

உங்கள் குடும்பத்தின் ஆவணம் எந்த அலுவலகத்தில் இருந்தாலும், அங்கு கணினியைப் பார்ப்பவரிடம் மூன்று கேள்விகளை நீங்கள் கேட்கலாம். கடைசியாக ஒழுங்காக முடிந்த முழுக் காப்பு எந்தத் திகதிக்குரியது? இன்றிலிருந்து எத்தனை மாதம் பின்னுக்குப் போய் ஒரு கோப்பை எடுக்கலாம்? கடைசியாக எப்போது மீட்டெடுத்துத் திறந்து பார்த்தீர்கள்? 'ஒவ்வொரு நாளும் எல்லாவற்றையும் எடுக்கிறோம்' என்று பதில் வந்தால் அதோடு நின்றுவிடாதீர்கள். இரண்டாவது கேள்வியை மீண்டும் கேளுங்கள்.